அம்மனுக்கு நேர்ந்த கிடாவுக்கு ஓர் ஊசி

மட்டாஞ்சேரியில் பகல் நேரத்தில் ஓர் ஆட்டைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டால் பதில் கிடைக்காது. மிளகுக் கிடங்கின் படியில் அது படுத்திருக்கும். காய்கறிக் கடைக்காரர் அசந்த நேரம் பார்த்து முட்டைக்கோஸ் சாக்குக்குள் தலையை விட்டிருக்கும். இல்லையென்றால் பஜார் சாலையின் நடுவில் நின்று, ஆட்டோக்காரர் அடிக்கும் ஹாரனைக் கேட்டபடி அசைபோடும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றும் தன் சந்துக்குள் திரும்பி, தன் கதவைத் தலையால் முட்டித் திறந்து உள்ளே போய்விடும். இதே தெருக்களில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் இந்த ஆடுகளை விலகித்தான் நடந்திருக்கிறேன். அவை எந்தக் கதவுக்குப் போகின்றன என்று ஒரு நாளும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை.

எர்ணாகுளத்தில் கால்நடை நோய்களைக் கண்டறியும் ஓர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த பிறகுதான் அதற்கு ஒரு காரணம் வந்தது. மழைக்காலத்தின் முடிவில் ஒரு நாள் எங்கள் டாக்டர் என் மேசையருகில் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் மலையாளப் பெண்மணி. என்னிடம் மலையாளத்தில்தான் பேசுவார். எழுதும்போது அது தமிழாகிவிடுகிறது.

"எடோ, உன் வீடு மட்டாஞ்சேரிதானே? அங்க பக்கத்துப் பக்கத்துச் சந்துல ஆடுங்க குட்டி வீசுதாம். மிருக ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்ல விளிச்சாங்க. நாளைக்கு நீயும் வா."

குட்டி வீசுவது என்றால், மாதம் நிறையாமல் சினை கலைந்து குட்டி செத்து விழுவது. ஓர் ஆடு வீசினால் நூறு காரணம் சொல்லலாம். நாய் துரத்தியிருக்கும், படியில் வழுக்கியிருக்கும், ஒன்றுமே இல்லாமலும் நடக்கும். சந்து சந்தாக வீசினால் கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அன்று மாலை தோப்பும்படிப் பாலத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்தபோது சந்தேகப்பட வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முதலில் புருசெல்லா. ஆட்டிலிருந்து மனிதருக்கும் வரும், வந்தால் லேசில் போகாது. அடுத்து கிளாமிடியா. பிறகு காக்சியெல்லா, தூசியோடு காற்றிலும் பரவக்கூடியது. கடைசியாக லிஸ்டீரியா, கெட்டுப்போன தீவனத்தில் வளர்வது. எங்கள் ஊர் ஆடுகள் சினிமா போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்பவை. அதனால் லிஸ்டீரியாவைக் கடைசியில் வைத்தது சரிதானா என்று பஸ்ஸை விட்டு இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஆடுகளைத் தெருவுக்கு விடும் முன்பே போய்விட்டோம். கையுறை, முகக்கவசம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஐஸ் பெட்டி. சந்து முனைச் சாயாக்கடைச் சேட்டன் எங்களைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

"எந்தா டாக்டரே, கொரோனா திரும்ப வந்தோ?"

"ஆட்டுக்கு," என்றார் டாக்டர்.

"அதுக்கு மாஸ்க்கு போட்டா அதையும் தின்னுருமே."

முதல் வீடு சுக்குக் கிடங்கின் பின்புறம். இரண்டு அறை, பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாமனார் காலத்தில் வந்த குடும்பம். வீட்டுக்கார அக்கா கிடங்கில் சுக்கைத் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். கணவர் தோப்பும்படித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டிருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண், என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவள், நிறைசூலியாக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் ஒரே மகள். வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை இருந்தன.

"ஆட்டுக்கும் இப்ப பிளட் டெஸ்டா? எங்க வீட்ல மனுசனுக்கே யாரும் எடுத்ததில்ல," என்றார் அக்கா.

"எத்தனை ஆடு அக்கா இருக்கு?"

"நாலு. நாலும் பெட்டை."

நான்கில் இரண்டு குட்டி வீசியவை. கடைசியாக வீசியது போன வாரம். செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வாழையிலையில பொதிஞ்சு தோட்டுல விட்டேன்." தோடு என்றால் எங்கள் ஊரில் கால்வாய். கடலோடு சேர்ந்தது. இறக்கத்தில் போவது ஏற்றத்தில் திரும்பி வரும்.

"கையுறை ஏதாவது?"

"கையுறை எதுக்கு? கை இருக்கே. குட்டி பாதியில மாட்டிக்கிச்சு, நான்தான் இழுத்தேன். இவ தண்ணி ஊத்தினா, கை கழுவுனேன்."

டாக்டர் மகளைப் பார்த்தார். "நீ ஆட்டைத் தொட்டியா? இந்தக் கிட்டத்துல காய்ச்சல் ஏதாவது வந்ததா?"

"தொடல. அம்மா விட மாட்டாங்க. ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சுது, நின்னுருச்சு. மழையில நனைஞ்சேன், அதான்."

டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். பேசும்போது உதடு தெரிந்தால்தான் ஆளுக்கு நம்பிக்கை வரும் என்பார். இது கிருமியாக இருந்தால் ஆட்டோடு நிற்காது, மனிதருக்கும் வரும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தால் கரு கலையலாம் என்று நேராகச் சொன்னார். பயமுறுத்தவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அக்கா சாய்ப்பின் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமாகி ஏழு வருசம் டாக்டரே. போகாத ஆஸ்பத்திரி இல்ல, கும்பிடாத சாமி இல்ல."

"ரிசல்ட் வரட்டும். அதுவரைக்கும் இவ ஆட்டுப்பக்கம் வர வேண்டாம். பால் குடிக்கிறாளா?"

"குடிப்பா. பொங்க வெச்சுத்தான் குடுப்பேன். பச்சைப்பால் எங்க வீட்ல பூனைக்குக்கூடக் கிடையாது."

நான்கு பெட்டைகளுக்கும் ரத்தம் எடுத்தோம். டாக்டர் ஆட்டைத் தொடைக்கிடையில் நிறுத்தித் தாடையை உயர்த்திப் பிடிப்பார். நான் கழுத்தின் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்தி, ரத்தக்குழாய் கயிறுபோல் புடைத்து வரும்வரை காத்திருப்பேன். ஊசி சரியான இடத்தில் ஏறினால் ஆடு அசைவதுகூட இல்லை. நான்காவது ஆடு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவைச் சப்பிக்கொண்டே ரத்தம் கொடுத்தது.

அடுத்த சந்தில் ஓர் இத்தாவின் வீடு. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த பெண்களை இத்தா என்றுதான் கூப்பிடுவோம். இவருடைய மூன்று ஆடுகளில் ஒன்று வீசியிருந்தது. இந்த வீட்டு ஆடுகளும் அக்கா வீட்டு ஆடுகளும் ஒரே இடத்தில் மேய்வதில்லை, ஒரே தொட்டியில் குடிப்பதில்லை என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இவை இந்தச் சந்து, அவை அந்தச் சந்து. அப்படியானால் கிருமி எந்த வழியில் நடந்தது? அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தாவிடம் அடுத்ததைக் கேட்டேன்.

"இதுங்களை எந்தக் கிடாகிட்ட விட்டீங்க இத்தா?"

"விடறதா? அது தானா வரும்."

"எது?"

"சாமி ஆடு. சங்கரன்கோயில்காரி வீட்டுது. நம்ம அம்மன் ஆடு எங்க தீனுள்ள ஆட்டையும் நல்லாத்தான் பாத்துக்குது." தீன் என்றால் மார்க்கம். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

நாலு, நாலும் பெட்டை என்று அக்கா சொன்னது ஒரு மணி நேரத்துக்கு முன்புதான். திரும்பிப் போய்க் கேட்டேன்.

"அக்கா, கிடா ஒண்ணு இருக்காமே?"

"ஆமா."

"நாலுன்னுதானே சொன்னீங்க?"

"எங்களுது நாலு. அது எங்களுது இல்லையே. அம்மனோடது."

அவர் மறைக்கவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார். மகளுக்குப் பிள்ளை உண்டானால் ஊர் அம்மனுக்குக் கிடா தருவதாக நேர்ந்திருந்தார். சந்தையில் நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கி, மஞ்சள் துணி கட்டி, கழுத்தில் மணி மாட்டி விட்டதும் அது அம்மனுடையதாகிவிட்டது. அதைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, தின்பதைத் தடுக்கக் கூடாது. பிள்ளை பிறந்து முடி இறக்கப் போகும்போது கிடாவையும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை அது அவர் வீட்டில் தூங்குகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் எனக்கு விடுமுறை. கிடா வீட்டை விட்டுக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். நல்ல உயரம், செம்பழுப்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு. பூட்டிய படகுத்துறையைப் பார்வையிட வந்த அதிகாரிபோல் நடந்தது. சாயாக்கடைச் சேட்டன் முந்தைய நாளின் பழம்பொரியை நீட்டினார். காய்கறிக் கடையில் மற்ற ஆடுகளை விரட்டும் தடி இதற்கு மட்டும் உயரவில்லை. ஒரு காலிஃபிளவர் இலைக்கட்டே கிடைத்தது. குஜராத்திக்காரர் ஒருவர் கிடங்கைத் திறக்கும்போது அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு கிறிஸ்தவப் பாட்டி, அம்மாமை என்போம், அதற்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். நான் பின்னாலேயே போய், அது எந்தெந்தச் சந்துக்குள் நுழைகிறது, எந்தப் பெட்டையின் பின்னால் மூக்கைச் சுருக்கி நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். அக்காவின் சந்து, இத்தாவின் சந்து, மீன்வலை தைக்கும் இன்னொரு சந்து. மற்ற வீட்டுக் கிடாக்கள் கட்டியே கிடந்தன. எங்கும் போக அனுமதி உள்ள ஒரே ஆடு இதுதான்.

கிடாவுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டரோடு போய்ச் சொன்னபோது அக்காவின் முகம் மூடிக்கொண்டது.

"அது ஆகாது மோளே."

"வலிக்காது அக்கா. பெட்டைக்கு எடுத்ததைப் பாத்தீங்களே."

"வலிக்கு இல்ல. நேர்ந்த ஆட்டுல குறை வரக்கூடாது. காதுல ஓட்டை, ஒடிஞ்ச கொம்பு, காயம் ஒண்ணும் ஆகாது. அதோட ரத்தம் கோயில்லதான் மொத மொத விழணும். இங்கயே ஒரு துளி விழுந்துட்டா அப்புறம் நான் அவளுக்கு எச்சிலையா கொண்டுபோறது?" குரல் தாழ்ந்தது. "பிள்ளைய இன்னும் அவ கையில தரல. இப்பப் போயி நான் குறை வெக்கணுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். சட்டப்படி என்னென்ன செய்யலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஏழு வருடம் காத்திருந்த ஒரு வீட்டில், நேர்ந்த கிடாவை வலுக்கட்டாயமாக இழுத்து ஊசி குத்திவிட்டு நாங்கள் போய்விட்டால், நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தாலும் அது அந்த ஊசியால்தான் நடந்ததாக இருக்கும். இதை யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் நாற்காலியிலிருந்து பேசினாள்.

"அம்மா, குறையில்லாத ஆடுதானே அம்மனுக்கு வேணும்?"

"ஆமா."

"உள்ளுக்குள்ள சீக்கு இருந்தா அது குறையில்லையா? வெளிய பாக்க நல்லா இருந்தா போதுமா? நீ என்ன சுக்கா வாங்குற, தோலப் பாத்துட்டுத் தரம் சொல்ல?"

அக்கா வெடுக்கென்று திரும்பினார். "எனக்குச் சுக்கு சொல்லித் தராத. நான் உடைச்சுப் பாத்துத்தான் தரம் சொல்லுவேன்."

சொன்னபிறகு கிடாவைத் தலையிலிருந்து வால்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு, "அத நீயும் தீர்மானிக்க வேண்டாம், நானும் தீர்மானிக்க வேண்டாம். அவகிட்டயே கேப்போம்," என்று உள்ளே போய் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்தார்.

ஊர்க் கோயில்களில் கிடாவின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உலுக்கினால் சாமி சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை. அது பலியிடும் முன் கேட்பது. ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கேட்டு யாரும் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அக்கா கிழக்கே பார்த்து, ஊர்ப் பக்கமாகத்தான் இருக்கும், என்னமோ முணுமுணுத்தார். கிடாவின் நெற்றியில் வேப்பிலையால் தெளித்தார். கிடா வேப்பிலையைத் தின்னப் பார்த்தது. முதுகில் தெளித்தார். அசைபோட்டது. அடுத்த சந்தைப் பிரிக்கும் சுவருக்கு மேலே இத்தாவின் தலை தெரிந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார். நான் உண்மையிலேயே ஆவலோடு நின்றேன். ஆட்டின் தோலில் எந்த இடத்தில் நீர் பட்டால் உலுக்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

"இன்னொரு வட்டம் தெளி," என்றார் இத்தா சுவருக்கு மேலிருந்து. "உங்க அம்மன் சாயா குடிக்கப் போயிருப்பா."

மூன்றாவது முறையும் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் கை தளர்ந்தது. மகள் நாற்காலிப் பிடியை ஊன்றி மெதுவாக எழுந்தாள். டாக்டர் தடுக்கும் முன், ஆட்டைத் தொடாமல், செம்பை மட்டும் வாங்கி, மீதித் தண்ணீரை அப்படியே கிடாவின் காதுக்குள் ஊற்றினாள்.

கிடா கொம்பிலிருந்து வால்வரை உலுக்கிய உலுக்கில் மணி கலகலத்தது. எங்கள் எல்லோர் முகத்திலும் மஞ்சள். டாக்டரின் வெள்ளைக் கோட்டில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

"காதுல ஊத்துனா எந்த ஆடும்தான் உலுக்கும்," என்றார் அக்கா, மகளை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

"அப்ப ஊர்ல பூசாரி எங்க ஊத்துறாரு?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடாவின் தாடையை அவரே உயர்த்திப் பிடித்தார். "எடு மோளே. தரையில சிந்தாம எடு."

சிந்தாமல் எடுத்தேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திக்கொண்டே நின்றேன். குழாயின் மேல் என்ன எழுதுவாய் என்று அக்கா கேட்டார். உடையவர் பெயர் எழுத வேண்டும் என்றேன். என் பேரை எழுதாதே, அது என்னுடையது இல்லை என்றார். வெறும் எண்ணைப் போட்டேன்.

ஆய்வகத்தில் குழாய்களை நிமிர்த்தி வைத்தால் ரத்தம் கீழே உறைந்து, மேலே வெளிர் மஞ்சளாக நீர் தெளியும். அந்தச் சீரத்தில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தட்டின் வட்டத்துக்குள் விட்டு, பக்கத்தில் இளஞ்சிவப்பான புருசெல்லா திரவத்தில் ஒரு துளி விட வேண்டும். செத்த கிருமிகளுக்குச் சாயம் ஏற்றியதுதான் அந்தத் திரவம். இரண்டையும் குச்சியால் கலந்து தட்டை மெல்ல ஆட்டினால், கிருமியை முன்பே சந்தித்த உடம்பாக இருந்தால் பால் திரிவதுபோல் மணிமணியாகத் திரளும். சந்திக்காத உடம்பாக இருந்தால் ரோஸ் மில்க் மாதிரி அப்படியே இருக்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது சலித்ததில்லை. உடம்பு எதையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறது என்பதை ஒரு துளியில் பார்க்கலாம்.

அக்காவின் ஆடுகளில் வீசிய இரண்டும் திரண்டன. வீசாத இரண்டும் தெளிவாக இருந்தன. இத்தாவின் மூன்றில் வீசிய ஒன்று மட்டும் திரண்டது. வலை தைக்கும் சந்தில் எடுத்தவை எல்லாம் தெளிவாக இருந்தன. எண் மட்டும் போட்ட குழாயைக் கடைசிக்கு வைத்திருந்தேன். தட்டை ஆட்டத் தொடங்கிய உடனேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து மணிகள் கிளம்பி வட்டம் முழுக்க நிறைந்தன. உறுதிசெய்யும் இரண்டாவது சோதனையும் சில நாட்களில் அதையே சொன்னது. பஸ்ஸில் நான் வரிசைப்படுத்தியதில் மற்ற மூன்று கிருமிகளையும் பார்த்தோம், எதுவும் இல்லை. கிடா பெட்டைகளுக்குக் கொடுத்ததா, ஒரு பெட்டையிடமிருந்து வாங்கி மற்றவற்றுக்குக் கொண்டுபோனதா என்பதை ரத்தம் சொல்லாது. சந்துகளுக்கு நடுவில் நடந்தது அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரிந்தது.

தட்டில் திரண்ட அன்றே டாக்டர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டார். மனித ரத்தம் எங்கள் வேலை இல்லை. ஆனாலும் நான் கூடப் போனேன், அக்கா கேட்டுக்கொண்டார். ரத்தம் எடுக்கும் இடத்தில் மகள் சட்டையின் கையை மடக்கிக் கொடுத்தாள். வளையல்களைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டது அக்கா. எடுத்து முடிந்ததும் மகள் எழுந்திருக்கவில்லை.

"அம்மாவுக்கும் எடுங்க."

"எனக்கெதுக்கு? வயித்துல பிள்ளை எனக்கா இருக்கு?"

"குட்டிய இழுத்தது நீதானே?"

"எடி, சும்மா இரு."

"தெனம் சாயங்காலம் குளிருதுன்னு போத்திக்கிட்டுப் படுக்கிற. ராத்திரி வேர்த்துக் கொட்டுது. இடுப்பப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிற. நான் பாக்கலன்னு நெனைக்கிறியா?"

"சுக்குத் தூசி. அங்க வேலை பாக்கிற எல்லாருக்கும் இருக்கு. இருபது வருசமா இருக்கு."

சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, இடுப்புவலி. பாடப்புத்தகத்தில் இந்த வரிசையிலேயேதான் இருக்கும். காய்ச்சல் உண்டா என்று நாங்கள் கேட்டது மகளிடம் மட்டும்தான். நான் குனிந்து, "அக்கா, எடுத்துக்கோங்க," என்றேன். நான் சொன்னதற்காக இல்லை, மகள் எழுந்திருக்கமாட்டாள் என்று தெரிந்ததால் கையை நீட்டினார்.

முடிவு வந்தபோது மகளுக்கு ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள், அப்போதும் இல்லை. பொங்க வைத்த பாலும், ஆட்டைத் தொட விடாத அம்மாவும் காப்பாற்றியிருக்க வேண்டும். நோய் அக்காவுக்குத்தான். ஆறு வாரம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொன்ன ஆஸ்பத்திரி டாக்டர், அவர் அழுவார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அக்கா கைகூப்பினார். எங்களை நோக்கி அல்ல.

"இவளுக்கு வரவேண்டியத அம்மன் எனக்கு மாத்தி விட்டுட்டா," என்றார். மகள் டம்ளரை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

ஆட்டில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது, கொன்று புதைப்பதுதான் வழி. கிடாவையும் திரண்ட மூன்று பெட்டைகளையும் கொண்டுபோக எங்கள் வண்டி வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். புதைக்க மேடான இடத்துக்குத்தான் போக வேண்டும். அக்கா கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் கையுறையாலேயே, கிடாவின் நெற்றியில் மஞ்சள் பூசினார். இத்தா தன் ஆட்டின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெட்டறது இல்லையே?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல அக்கா. ஊசி. தூங்கிரும்."

"ஊருக்கு விளிச்சுப் பூசாரிகிட்டச் சொன்னேன். வேற நேர்ந்துக்கோ, அம்மன் ஓடியா போறான்னாரு." கிடாவின் மணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டார். "அடுத்தது வாங்கினா மொதல்ல உங்கிட்டதான் கொண்டு வருவேன். நேர்றதுக்கு முன்னாடியே குத்திரு. நேர்ந்த பெறகு இந்த வம்பெல்லாம் ஆகாது."

சாய்ப்புக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எத்தனை வாளி, எங்கிருந்து எங்கே கழுவ வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். மிச்சமிருந்த இரண்டு பெட்டைகளையும் தெருவுக்கு விடாமல் கட்டிப்போட்டார். அடுத்த சோதனைவரை அப்படித்தான். அவை கத்திய கத்தலில் சந்தே எங்களைத் திட்டியது. மாத்திரை ஆரம்பித்த மறுநாள் எனக்கு போன் வந்தது. சிறுநீர் செங்காவி நிறத்தில் போகிறது, இது என்ன புதுக் கூத்து என்று. மாத்திரையின் நிறம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நினைவூட்டினேன். "உன் டெஸ்டுலயும் செவப்பு, என் டெஸ்டுலயும் செவப்பு," என்றார்.

ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்கு முன்பே பிள்ளை பிறந்தது. பெண். எடையில் குறைவில்லை. எனக்கு அது தெரியவந்ததும் போனில்தான். மத்தியானம், நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுத்தால், அக்கா மூச்சு வாங்கப் பேசினார். வார்டு வாசலில் நிற்கிறாராம். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இருக்கிறார்களாம். எல்லோரும் எடுத்துக் கொஞ்சுகிறார்களாம்.

"நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"மோளே, எனக்கு மாத்திரை இன்னும் பத்து நாளு பாக்கி இருக்கு." சற்று நிறுத்தினார். "நான் பிள்ளைய எடுக்கலாமா?"

"எடுக்கலாம் அக்கா. அது கைப்பட்டு ஆள்லேர்ந்து ஆளுக்கு ஒட்டாது. ஆஸ்பத்திரி டாக்டர் அன்னைக்கே சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க. நீ சொல்லு."

"எடுங்க."

"உன் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றியா, நீயே சொல்றியா?"

டாக்டர் என் பின்னால்தான் நின்றிருந்தார். போனை அவர் பக்கம் நீட்டினேன். குனிந்து, "எடுக்கு, ஒரு குழப்பமும் இல்லா," என்றார் மலையாளத்தில், ஒரு பிரச்சினையும் இல்லை என்று.

தொடர்பு துண்டிக்கவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டார் போலிருந்தது. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது. விரல் விரலாக, மணிக்கட்டுவரை, நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி அவர் கழுவுவது கண்ணில் தெரிந்தது. தண்ணீர் நின்றது. கதவு ஒன்று திறந்தது, யாரோ "வாங்க மதினி, எங்க போனீங்க" என்றார்கள். சிறிது நேரத்தில் மெலிதாக ஓர் அழுகைச் சத்தம், தூரத்தில் தொடங்கி, போனுக்கு மிக அருகில் வந்தது.